காணாத விளிம்பு

மேல்விஷாரத்தில் பாலாற்றை நோக்கி இறங்கும் தெருக்களில் ஒன்றில், முன்னொரு காலத்தில் பதனிட்ட தோல்களை அடுக்கி வைக்கும் கிடங்காக விளங்கி, தொழில் கைமாறிய பின்னர் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்த கட்டிடம் ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரரான நண்பர் சென்ற ஆண்டு அதனைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கென்று மனமுவந்து கொடுத்தபோது, பதினெட்டடி உயரமுள்ள அந்த ஒற்றைக் கூடத்தை அப்படியே விட்டுவைப்பதைக் காட்டிலும், ஒரு பாதியில் இரும்புச் சட்டங்களை நிறுத்தி அவற்றின் மேல் பிளைவுட் பலகைகளைப் பரப்பி இடைத்தளம் ஒன்று எழுப்பிவிட்டால், கீழே பெரிய பிள்ளைகளும் மேலே சிறுவர்களுமாக இரண்டு வகுப்புகளை ஒரே வேளையில் நடத்தலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. அந்த வேலையை உடனிருந்து கவனிக்கும் பொறுப்பு, தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவனும் மரவேலையில் யாதொரு பயிற்சியும் இல்லாதவனுமாகிய என்னிடம் வந்து சேர்ந்தது. இருபதடி நீளம், பதினாறடி அகலம். எட்டுக்கு நான்கடிப் பலகைகள். கனம் 19 மில்லிமீட்டர். தண்ணீர் பட்டாலும் பிரியாத பசையிட்ட ரகம். பலகைகளின் மேல் கனமான விரிப்பை ஒட்டிவிடுவது என்று ஏற்பாடு. ஒட்டிய பிறகு அந்தப் பலகைகளையும் அவற்றின் ஓரங்களையும் இந்த உலகத்தில் எவரும் காணப்போவதில்லை. இந்தக் கட்டுரை பிறந்ததற்குக் காரணமே அந்தக் காணாமைதான்.

தச்சர் அறுபது வயதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். ஊரார் அழைப்பது போல நானும் அவரைப் பாய் என்றே அழைப்பது வழக்கம். முதல் நாள் காலை, பழைய லுங்கித் துணியில் சுற்றியிருந்த மூன்று வட்ட ரம்பத் தகடுகளைப் பையிலிருந்து எடுத்துப் பலகையின் மேல் வரிசையாக வைத்தார். எல்லாம் ஏழேகால் அங்குல விட்டம். ஒன்று இருபத்துநான்கு பல். ஒன்று நாற்பது பல். மூன்றாவது மழுங்கிப்போய்ச் சாணைக்குப் போகவேண்டியது, கலந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. நானோ வேலூர்க் கடையொன்றில் கூடுதல் விலை கொடுத்து அறுபது பல் உள்ள புதிய பிளேடு ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். கல்விக்கென்று செய்யும் காரியம். எவரும் காணாத இடமாயிற்றே என்பதற்காகவே அங்கு நுட்பம் குறையக் கூடாது. பற்கள் பெருகப் பெருக அறுப்பு நுட்பமாகும். ஆகவே அறுபது பல்லே சிரத்தைக்கு அடையாளம் என்பது என் அனுமானம்.

"பாய், கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று முரட்டு வெட்டாக வெட்டிவிட வேண்டாம். இதைப் போட்டு அறுங்கள்" என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு பல்லின் முனையிலும் பற்றவைத்திருந்த கார்பைடுத் துண்டைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார். "நல்ல பிளேடு ஐயா. அலமாரிக் கதவுக்கு மைக்கா ஒட்டின பலகை அறுக்கும்போது குடுங்க, கண்ணாடி மாதிரி வரும். இது தரைக்கு அடியில போற பலகை. இதுக்கு இருபத்துநாலு பல்லுதான் நியாயம்" என்றார்.

நியாயம் என்ற அந்தச் சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. வேகம் என்றோ சிக்கனம் என்றோ அவர் சொல்லியிருந்தால் நான் விவாதித்திருப்பேன்; விவாதிக்கவும் செய்தேன். என் வயதுக்கும் பழக்கத்துக்கும் மரியாதை கொடுத்து, ஒரு பலகையை மட்டும் என் பிளேடைப் பூட்டியே அறுத்துக் காட்டினார். பாதி தூரம் போவதற்குள் மோட்டாரின் ஓசை தாழ்ந்து முனகலாயிற்று. பசை கருகும் காரமான வாடை கூடத்தில் பரவிற்று. அறுத்து முடித்து அவர் நீட்டிய ஓரத்தைத் தொட்டபோது விரல் சுட்டது. வழவழப்பான விளிம்புதான், ஆனால் நெடுகிலும் வெல்லப்பாகு பூசியதுபோல் கருத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிளேடை மாற்றி, அடுத்த பலகையை இருபத்துநான்கு பல்லால் அறுத்தார். ரம்பம் தடையின்றி ஓடிற்று. தூளாக இல்லாமல் சிறு சிறு செதிள்களாக மரம் வெளியே விழுந்தது. விளிம்பில் ஆங்காங்கே சிலாம்பு எழும்பியிருந்தாலும், மரம் மரத்தின் நிறத்திலேயே இருந்தது.

காரணத்தைப் பின்னர் அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெஷின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5,500 சுற்றுச் சுழலுகிறது. இருபத்துநான்கு பல் பூட்டியிருந்தால் நிமிஷத்துக்கு 1,32,000 தடவை ஒரு பல் மரத்தைக் கடிக்கிறது. அறுபது பல்லானால் 3,30,000 தடவை. பலகையைத் தள்ளும் கை ஒன்றே, அதன் வேகமும் ஒன்றே. எனவே பல் பெருகப் பெருக ஒவ்வொரு பல்லுக்கும் கிடைக்கும் கவளம் சிறுத்துக்கொண்டே போய், ஓர் எல்லைக்கப்பால் கடிப்பது நின்று உராய்வது மட்டும் மிஞ்சுகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளமும் சிறிதாகிவிடுவதால், அறுத்த தூள் வெளியேற வழியின்றி அங்கேயே அடைபட்டுச் சூடேறுகிறது. மெல்லிய மைக்காவுக்கு அந்தச் சிறு கவளமே தேவை. கனத்த பலகைக்கு அது தீங்கு. அதிகம் என்பதும் உயர்வு என்பதும் ஒன்றென்று நான் கொண்டிருந்த எண்ணம், கருகிய அந்த ஓரத்தில் எனக்கே தெரியும்படி எழுதப்பட்டிருந்தது.

அன்றிரவு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை. மறைவில் கிடக்கும் ஒன்றுக்கு நாம் செய்யவேண்டிய கடன் யாது என்ற கேள்வி, மிகப் பழையது. இஸ்லாமிய மார்க்கத்தில் இஹ்ஸான் என்று ஒரு சொல் உண்டு; செவ்வையாகச் செய்தல், அழகுறச் செய்தல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து நபிகள் நாயகம் அவர்களிடம் மார்க்கத்தைப் பற்றி அடுத்தடுத்து வினவியதாகச் சொல்லும் புகழ்பெற்ற நபிமொழியில், இஸ்லாம் யாது, ஈமான் என்னும் நம்பிக்கை யாது என்ற வினாக்களுக்குப் பின்னர் இஹ்ஸான் யாது என்ற வினா வருகிறது. இறைவனை நேரில் காண்பவனைப் போல வணங்குதல், நாம் அவனைக் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடிருத்தல் என்பதே அதற்கு அளிக்கப்பட்ட விடையின் கருத்து. இதனை மேலெழுந்தவாரியாகக் கேட்பவன், நான் கொண்ட முடிவுக்கே வருவான்: மனிதர் காணாவிட்டாலும் இறைவன் காண்கிறான்; ஆகவே காணாத விளிம்பையும் கண்ணாடிபோல் செய்.

ஆனால் பாய் அதே மார்க்கத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐந்து வேளை தொழுபவர். அவர் அந்த முடிவுக்கு வரவில்லையே! சிந்திக்கச் சிந்திக்க, தவறு எங்கே இருந்தது என்பது புலனாயிற்று. மினுக்கு என்பது காண்கின்ற மனிதக் கண்ணுக்காக ஏற்பட்டது. காணாத இடத்திலும் அதையே கொண்டுபோய் வைப்பவன், இறைவனின் பார்வையையும் விருந்தாளியின் பார்வையாகவே கற்பனை செய்துகொள்கிறான். எல்லாம் அறிந்தவன் ஒரு பலகையைக் காணும்போது, அதன் ஓரம் பளபளக்கிறதா என்றா காண்பான்? அது எதற்காக அங்கே கிடத்தப்பட்டதோ அதற்கு அது உதவுகிறதா என்றல்லவா காண்பான்? மேலே குதிக்கும் குழந்தையின் பாரத்தை அது தாங்குகிறதா, மழைக்காலத்தில் உப்பிப் பக்கத்துப் பலகையை நெருக்குகிறதா, ஆணி பிடித்திருக்கும் இடத்தில் பிளந்திருக்கிறதா என்பன அவன் பார்வைக்குரியவை. பொருத்தமே அங்கே அழகு.

இந்த நியாயத்தில் ஓர் அபாயமும் உண்டென்பதை உடனே உணர்ந்தேன். மறைவான இடத்துக்கு மினுக்கு வேண்டாம் என்று ஆரம்பிக்கும் பேச்சு, மறைவான இடத்துக்கு எதுவும் வேண்டாம் என்பதில் சென்று முடியக்கூடும். நம் நாட்டில் கட்டிடங்களும் பாலங்களும் விழுவதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆகையால் அடுத்த மூன்று நாட்களும் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார், எதை விட்டுக்கொடுக்க மறுக்கிறார் என்பதையே கவனித்துக்கொண்டிருந்தேன். சிலாம்பைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆனால் கோடு கிழிக்கும் முன் மூலைமட்டத்தை வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். இரும்புச் சட்டங்கள் பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தன; எட்டடிப் பலகையின் முடிவு சட்டத்தின் மேலேயே வந்து அமரவேண்டும் என்பதும், இரண்டங்குல அகலமுள்ள அந்தச் சட்டத்தை இரு பலகைகளின் ஓரமும் ஆளுக்குச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அவருக்கு நெகிழ்வே இல்லாத விதிகள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுவதற்கென்று அதே தடிப்புள்ள ஆணி ஒன்றை வைத்திருந்தார். அதை இரண்டு பலகைகளின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, பலகையை நெருக்கி, திருகாணியை முடுக்கிய பின்னர் ஆணியை உருவி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவார். அறுபது எழுபது தடவை அந்த ஒரே ஆணி இடம்பெயர்ந்தது. ஒரு தடவையாவது கண்ணளவில் விட்டுவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன்; அது நடக்கவில்லை.

பலகை, காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும் தன்மையுடையது. ஐப்பசி கார்த்திகையில் விரிவதற்கு அந்த இடைவெளி இல்லாவிட்டால் பலகைகள் ஒன்றையொன்று முட்டி மேலெழும்பும். சட்டத்தின் மேல் அமராத ஓரமோ, மிதிக்கும்போதெல்லாம் திருகாணியோடு உரசிக் கிறீச்சிடும். கண் காணாததைக் கால் காணும். கால் காணாததைச் செவி கேட்கும். ஆக, மறைவு என்று நாம் சொல்வதெல்லாம் கண் என்ற ஒரு புலனுக்கு மட்டுமே உரியது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் இலக்கணம் நினைவுக்கு வராமல் இராது. மூன்றாம் வேற்றுமையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆண்டுகளிலெல்லாம் அதன் உள்ளே இப்படியொரு தத்துவ விசாரம் அடங்கிக் கிடப்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. செய்பவனையும் செய்கருவியையும் தொல்காப்பியர் ஒரே வேற்றுமையில் வைக்கிறார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் அப்படியே கருவியையும் கருத்தாவையும் ஒரே வேற்றுமையின் கீழ் அடக்குகிறார். பலகை தச்சனால் அறுக்கப்பட்டது. பலகை ரம்பத்தால் அறுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் ஒரே ஆல். உரையாசிரியர்கள் கருத்தாவை மேலும் பகுத்து, ஏவுதற் கருத்தா என்றும் இயற்றுதற் கருத்தா என்றும் இரண்டாக்குவார்கள். கோயில் கட்டச் சொன்ன அரசனாலும் அது கட்டப்பட்டது, கட்டிய தச்சனாலும் அது கட்டப்பட்டது. ஆகவே எங்கள் இடைத்தளப் பலகை என்னாலும் அறுக்கப்பட்டது, பாயாலும் அறுக்கப்பட்டது, இருபத்துநான்கு பல்லாலும் அறுக்கப்பட்டது. மூவரையும் ஓர் உருபு ஒரே வரிசையில் நிறுத்துகிறது. உயிருள்ள இருவரோடு உயிரற்ற ஒன்றை ஒக்க வைத்த நம் முன்னோர், கருவிக்கு உயிருண்டு என்று மயங்கியவர்களல்லர். செயல் என்பது இம்மூன்றும் கலந்து ஒன்றான பின்னரே பிறக்கிறது என்பதையும், பிறந்த பின்னர் எது எவருடைய பங்கு என்று அறுத்துக் காட்ட இயலாது என்பதையும் அவர்கள் கண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. திருவள்ளுவரும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், செயலில் இறங்குமுன் மயக்கமற எண்ணிப் பார்க்கவேண்டியவை என்று ஐந்தைச் சொல்லும்போது கருவியை அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அது வலுவான மறுப்பு. எண்ணத்தைப் பொறுத்தே செயல்கள் என்பது புகாரி தொகுப்பின் முதல் நபிமொழியின் கருத்து. பயனைக் கருதாமல் கடமையைச் செய் என்பது கீதையின் உபதேசம். எண்ணம் தூயதானால் போதாதா, கருவி எதுவாயிருந்தால் என்ன? மனம் செம்மையாக இருக்கிறவனுடைய ரம்பம் மழுங்கியிருந்தால் அதற்காக அவனைக் குறைகூறலாமா?

இதற்கு விடையை நான் நூல்களில் தேடிக்கொண்டிருந்தபோது, அது மேல்விஷாரத்தின் தொழிலிலேயே கிடைத்தது. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை பரவியுள்ள இந்தத் தோல் வட்டாரத்தில், தரம் பிரிக்கும் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மயிர்ப்புறம் எவ்வளவு அழகாயிருப்பினும், தேர்ந்த கை தோலைப் புரட்டிச் சதைப்புறத்தைத் தடவிப் பார்க்காமல் அடுக்கில் வைப்பதில்லை. அங்கே சில சமயம் பிறை வடிவில் மெல்லிய கீறல்கள் தட்டுப்படும். எங்கோ ஓர் ஊரில், ஆட்டையோ மாட்டையோ உரித்தவனுடைய கத்தி அவசரத்திலோ மழுங்கலிலோ தவறிப் பட்ட இடங்கள் அவை. பச்சைத்தோலில் இரத்தமும் சவ்வும் மூடியிருந்தபோது எவரும் கண்டிலர். உப்பிட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, சதை சீவி, பதனேறி, உலர்ந்த பின்னர் அந்தக் கீறல் தோலின் விலையையே குறைத்துக்கொண்டு மேலே வருகிறது. உரித்தவன் நல்லவனா கெட்டவனா என்பது அந்தத் தோலுக்குத் தெரியாது. அவன் கத்தி எப்படியிருந்தது என்பது மட்டும் தெரியும்.

தோலுக்கே இப்படியென்றால், உயிருக்கு? ஷத்தாத் இப்னு அவ்ஸ் என்ற நபித்தோழர் அறிவிப்பதாக இமாம் முஸ்லிமின் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. எல்லாவற்றிலும் இஹ்ஸானை இறைவன் விதித்திருக்கிறான் என்று தொடங்கும் அந்த உபதேசம், அடுத்து எதை உதாரணமாக எடுக்கும் என்று அறியாதவர் ஊகித்தால் தொழுகையையோ தானத்தையோ சொல்லுவார். அது எடுத்துக்கொள்வது கத்தியை! பிராணியை அறுக்க நேருங்கால் கத்தியைக் கூர்மையாக்கிக்கொள்ளவும், அதன் வேதனையைத் தணிக்கவும் அது கட்டளையிடுகிறது. அறுபடப்போகும் பிராணியின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டியவரை நபிகள் நாயகம் கண்டித்ததாகவும் மற்றோர் அறிவிப்பு இருக்கிறது. இவற்றைப் பலமுறை கேட்டிருந்தும், கருகிய பலகையைத் தொட்ட பிறகே இவற்றின் ஆழம் எனக்கு விளங்கிற்று. இரக்கம் என்பதை நாம் நெஞ்சில் சுரக்கும் ஒரு நெகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த உபதேசமோ இரக்கத்தை நெஞ்சிலிருந்து எடுத்துக் கத்தியின் விளிம்பில் கொண்டுபோய் வைக்கிறது. கண்ணீர் வடித்துக்கொண்டே மழுங்கிய கத்தியால் அறுப்பவன், கூரிய கத்தியால் ஒரே வீச்சில் அறுப்பவனைவிடக் கொடியவன். அவன் எண்ணம் அந்தப் பிராணியின் கழுத்தை எட்டவே இல்லை. நிய்யத் என்னும் எண்ணம் தூயதாயிருந்தால் அது முதல் காரியமாகச் சாணைக்கல்லை நாடிப் போகும். போகாத எண்ணத்தைத் தூயது என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது.

ரம்பத்தைப் பொறுத்தவரையிலும் இது வெறும் உவமை அன்று. மழுங்கிய பிளேடைப் பூட்டினால் அதிக பலத்தோடு தள்ளவேண்டும்; தள்ளும்போது அறுப்பு வாய் நெருங்கிப் பிளேடைக் கவ்வினால் மெஷின் திடீரென்று பின்னோக்கி எகிறி ஆளையே தாக்கும். பழைய தச்சர்கள் பலர் விரல்களை இழந்திருப்பதற்குக் காரணம் கூர்மை என்று நாம் நினைக்கிறோம்; மழுங்கலே பாதிக் காரணம் என்று பாய் சொன்னார். பிளேடு பலகைக்கு அடியில் ஒரு பல்லின் ஆழத்துக்கு மேல் நீளாதபடி அவர் ஒவ்வொரு முறையும் அளவை மாற்றிப் பூட்டியதும், அறுபடும் துண்டு இருபுறமும் தாங்கலோடு கிடக்கும்படி கட்டைகளை அடுக்கியதும் தம் கைக்குக் காட்டிய மரியாதை. அவர் கையை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது.

தச்சுத் தொழிலைச் சாமானியமாக எண்ணுகிறவர்கள், இறைச்செய்தியை ஏந்திவந்த பெரியோர்களுடைய கைகளைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஜக்கரிய்யா நபி தச்சராக இருந்தார் என்று நபிமொழி சொல்லுகிறது. நூஹ் நபியின் கப்பலைக் குறிக்கும்போது குர்ஆன் அதனைப் பலகைகளும் ஆணிகளும் கொண்டதென்றே குறிக்கிறது. தாவூத் நபிக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்த இறைவன், கவசம் செய்யும்படி பணித்ததோடு நில்லாமல், அதன் வளையங்களை அளவறிந்து கோக்கும்படியும் சொன்னதாக ஸபா என்னும் அத்தியாயத்தில் வருகிறது. அளவறிதல்! கவசத்தின் வளையம் மிகப் பெரிதானால் அம்பு நுழையும். மிகச் சிறிதானால் வீரனால் அசைய முடியாது. வளையத்தின் அளவு எதுவென்பதை இரும்பின் இயல்பும் உடலின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இருபத்துநான்கா அறுபதா என்று நானும் பாயும் விவாதித்தது எவ்வளவு அற்பமான விஷயம் என்று வெட்கப்பட்டிருந்த எனக்கு, அந்த இடத்தை எண்ணிய பின் வெட்கம் நீங்கிற்று.

இந்தப் பற்களின் சரித்திரத்தையும் ஒருவாறு தெரிந்துகொண்டேன். வட்ட ரம்பத்துக்கு 1777ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஸாமுவேல் மில்லர் என்பவர் உரிமைச் சாசனம் பெற்றிருக்கிறார். அமெரிக்காவில் ஷேக்கர் என்னும் கிறிஸ்தவத் துறவு சமூகத்தாரோ, 1813ஆம் ஆண்டளவில் தபிதா பாபிட் என்ற தங்கள் சகோதரி ஒருத்தி, இரண்டு ஆட்கள் இழுக்கும் நெடுவாள் ஒருபுறம் போகும்போது மட்டும் அறுத்து, திரும்பி வரும்போது வீணாவதைக் கண்டு இரங்கி, தன் நூற்புச் சக்கரத்தைப் பார்த்து வட்ட வாளை வடிவமைத்தாள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முதலில் செய்தவர் எவராயினும், வீணாகும் உழைப்பைக் கண்டு ஒரு துறவியின் மனம் பொறுக்கவில்லை என்ற அந்தப் பகுதி என் நெஞ்சில் தங்கிவிட்டது. கார்பைடு முனை வந்ததோ ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்புதான். 1926இல் ஜெர்மனியின் க்ருப் ஆலை டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்ட் சேர்த்துச் சூளையில் இறுக்கி, வைரத்தை ஒத்தது என்ற பொருளில் விடியா என்று பெயரிட்டது. பிளைவுட்டின் அடுக்குகளை ஒட்டும் பசை இறுகிய பின் வெறும் எஃகுப் பல்லைச் சீக்கிரத்தில் தின்றுவிடும். இந்த முனை இல்லாவிட்டால் எங்கள் பலகைகளை அறுக்கப் பாய் நாலு தடவை அரம் எடுத்திருக்க வேண்டும். சிமெண்டும் மரத்துகளும் கலந்து அழுத்திய பலகையைப் போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்கு இந்தக் கார்பைடும் விரைவில் தேயும், வைரத்தூள் இறுக்கிய பல் வேண்டும், எழும் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று பாய் விளக்கி வேண்டாம் என்றார்.

மறைவைப் பற்றி எழுதுகிறவன் மேல்விஷாரத்தில் இருந்துகொண்டு பாலாற்றைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. மரப்பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்காகத் தோலைப் பதப்படுத்திய முறை குறைந்து, குரோமிய உப்பு வந்தபின் வேலை விரைந்தது, வாழ்வு பெருகிற்று. இந்த ஊரில் 1965ஆம் ஆண்டு தோன்றிய அப்துல் ஹக்கீம் கல்லூரியும், அதற்கு முன்பே 1918இல் தோன்றிய முஸ்லிம் கல்விச் சங்கமும் தோல் வணிகத்தில் பிறந்த தர்ம சிந்தனையின் பலன்கள். அதே கைகளின் வேலையில், கழிவுநீர் மட்டும் எவரும் காணாத இடமென்று மண்ணுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் விடப்பட்டது. மண் மூடியது, மணல் மூடியது. பின்னர் அது கிணறுகளில் வந்து நின்றது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், கெடுத்தவனே ஈடுசெய்யவேண்டும் என்ற நியதியையும், கேடு வருமுன் காக்கவேண்டும் என்ற நியதியையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உரைத்தது. தோல் பதனிடுவோர் ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. தோலை வெண்ணெய்போல் மினுக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு நுட்பம் குறைவாயிருந்ததென்று எவரும் சொல்ல முடியாது. நுட்பம் முழுவதும் காணும் புறத்திலேயே செலவாகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கு உள்ளபடியே துயரமாயிருக்கிறது, ஏனெனில் இந்த ஊரின் சோற்றைத் தின்றவன் நான்.

நம் பக்தி மரபில், நான் வெறும் கருவி, செய்பவன் நீ என்று இறைவனிடம் சொல்லிக்கொள்வது பெரிய பணிவாகக் கருதப்படுகிறது. அர்ஜுனனைக் கண்ணன் நிமித்தமாக மட்டும் இருக்கச் சொன்னதும், சைவ சித்தாந்தம் குடத்துக்கு மண்ணை முதற்காரணமென்றும் சக்கரத்தைத் துணைக்காரணமென்றும் குயவனை நிமித்தகாரணமென்றும் வகுத்து உலகுக்கு இறைவனை நிமித்தகாரணமாக வைத்ததும் யாவரும் அறிந்தவை. நானும் பல மேடைகளில் அந்தப் பணிவைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். இப்போது அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கருவி என்று தன்னைச் சொல்லிக்கொள்பவன், எந்த வேலைக்கு ஏற்ற கருவி என்று தன்னைக் கேட்டுக்கொண்டானா? சாணைக்குப் போகவேண்டிய நிலையில் இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டானா? பாயின் துணிச்சுருளில் சுண்ணாம்புக் கோடிட்ட மூன்றாவது பிளேடும் கருவிதான். அறுபது பல் பிளேடும் கருவிதான். அது தன் தகுதியில் எவ்விதக் குறையும் இல்லாதது, ஆயினும் தனக்குரியதல்லாத வேலையில் நுழைந்து பலகையையும் கெடுத்துத் தானும் சூடேறிற்று. என்னைப் போலப் படித்தவர்கள் பலருக்கு நேர்வது இரண்டாவது கதிதான் என்று எண்ணுகிறேன். மழுங்கியவர்களல்லர், இடமறியாதவர்கள்.

நான்காம் நாள் மாலை கடைசிப் பலகையும் இறங்கியது. விரிப்பு ஒட்டுவதற்கு முன் என்னை மேலே ஏறி நடந்து பார்க்கச் சொன்னார். மூலையிலிருந்து மூலைக்கு நடந்தேன். குதிகாலால் அழுத்தி மிதித்தேன். ஓசை ஒன்றும் இல்லை. நான் அடம்பிடித்து அறுக்கச் செய்த கரிய ஓரம் எங்கே என்று கேட்டேன். "அதைச் சுவரோரமா போட்டுட்டேன் ஐயா. பலகை கெடல, ஓரம்தான் கருகிச்சு. பாரம் தாங்கும்" என்றார்.

கீழே வந்தபோது அவர் சோடா கரைத்த வெந்நீரில் இருபத்துநான்கு பல் பிளேடை ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பல்லிடுக்குகளில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லாகத் திருப்பிப் பார்த்தார். துணியால் ஈரம் ஒற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பிளேடைச் சுற்றும் காகிதத்தில் முன்பே எழுதியிருந்த உருது இலக்கங்களின் கீழே இன்னொரு வரி எழுதினார். என்னவென்று கேட்டேன். இதுவரை எத்தனை பலகை அறுத்தது என்ற கணக்காம். இத்தனைக்கு மேல் போனால் சாணைக்குக் கொடுத்துவிடவேண்டும். எங்கள் வேலைக்கென்று அவர் எழுதியது பதினொன்று.